இருபத்தோராம் வளைவின் டிரம்ஸ்காரி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் எண் எழுதிய பலகை உண்டு. இருபத்தொன்று என்று ஒரு வளைவு இல்லை. இல்லாத அந்த வளைவின் பெயரைச் சூட்டிக்கொண்டு மூன்று பேர் 2017 ஜூன் மாதத்தில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். 2019 மார்ச்சில் அது கலைந்தது. பொது மேடையில் அவர்கள் வாசித்தது இரண்டே முறை. அவர்கள் வாசித்தது த்ராஷ் மெட்டல் என்னும் வகை. மிகுந்த வேகமும் மிகுந்த ஓசையும் அதன் இலக்கணம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. முதல்முறை கேட்டபோது, சரளைக் கல் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் இல்லாமல் இறங்கி வருகிறது என்றே எண்ணினேன்.

அக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவள் சரண்யா. நாகலூருக்கு அருகில் எங்கள் காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் 1994இல் பிறந்தாள். தாய் முத்தாயி பழம் பறிப்பவர். தந்தை மகளின் ஐந்தாம் வயதில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஒரு பருவம் மட்டும் சரண்யா எஸ்டேட்டில் வேலை செய்தாள். 2013 ஜனவரியில் ஏற்காடு ஊரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பணியில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இப்போது மேற்பார்வையாளர்.

டிரம்ஸை அவள் யாரிடமும் கற்கவில்லை. அந்த ஹோட்டலில் நடந்த ஒரு திருமண வரவேற்புக்குச் சேலத்திலிருந்து கச்சேரிக்காரர்கள் வந்திருந்தனர். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சரண்யா டிரம்ஸின் முன் உட்கார்ந்து, பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடலை மிதிக்கத் தொடங்கினாள். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாதேஷ் திரும்பிப் பார்த்தான். ஏரிக்கரையில் செல்போன் கடை வைத்திருந்த சேலத்துக்காரரின் மகன் அவன், கிட்டார் வாசிப்பவன்.

"ஏங்க, இந்தக் காலு எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"தொட்டியில."

"என்ன தொட்டி?"

"காப்பிக்கொட்டை மிதிக்கிற தொட்டிங்க. நீங்க சேலத்துக்காரரு, சொன்னா வெளங்காது."

அவள் சொன்னது உண்மை. பறித்த பழத்தின் தோலை இயந்திரம் உரித்துத் தள்ளிவிடும். ஆனால் கொட்டையின்மேல் வழவழப்பான ஒரு பூச்சு மிஞ்சும். கொட்டைகளை ஒன்றரை நாள் சிமெண்டுத் தொட்டியில் புளிக்கவிட்டு, பிறகு பெண்கள் ஐவர் உள்ளே இறங்கி, குறுக்கே கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, இடக்கால் வலக்கால் என மாற்றி மாற்றி மிதிப்பார்கள். கணுக்கால் மூழ்கும் அந்தச் சேற்றில் ஒருத்தி நின்று மற்றவள் மிதித்தால் வழுக்கி விழ நேரும். ஆகவே பத்துக் கால்களும் ஒரே சீராக ஓடவேண்டும். இப்படி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் மிதித்த கால்களுக்கு, டிரம்ஸின் இரட்டைப் பெடல் விளையாட்டுப் பொருளாகத்தான் தோன்றியிருக்கும்.

மாதேஷ், அவன் நண்பனும் சுற்றுலா ஜீப் ஓட்டுபவனுமான கோபி, சரண்யா ஆகிய மூவரும் சேர்ந்தார்கள். பேஸ் கிட்டார் கோபியுடையது. கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவின் டிரம்ஸ் அவர்களுக்குக் கிடைத்தது. வாசிக்க இடம் கிடைக்கவில்லை. நான் அந்த எஸ்டேட்டில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கும் ஆள்பதிவும் எழுதும் ரைட்டராக இருந்து 2015இல் ஓய்வுபெற்றவன். உரிமையாளர் சென்னைவாசி. எனவே மூடிக் கிடந்த கட்டடங்களின் சாவிகள் ஓய்வுக்குப் பின்னும் என்னிடமே இருந்தன. சரண்யா கேட்க வந்தாள்.

"சார், பழைய பல்ப்பர் ஊடு சும்மாத்தானுங்க கெடக்குது. ஞாயித்துக்கெழம மட்டும் தொறந்து உடுங்க. டிரம்ஸ் அடிக்கோணும்."

"லைன்லயே அடிக்கலாமே."

"அடிச்சுப் பாத்தோமுங்க. பழனியம்மா அத்தை வெளக்குமாத்தோட வந்துருச்சு."

பழம் உரிக்கும் இயந்திரம் இருந்த கட்டடத்தையே பல்ப்பர் வீடு என்பர். தகரக் கூரை, கருங்கல் சுவர், நடுவில் அந்தத் தொட்டி. 2013 பருவத்தோடு அதை மூடிவிட்டோம். கொட்டையைக் கழுவ இயந்திரம் வந்தது. அதற்காகச் சாலையோரம் புதிய கொட்டகை எழும்பியது. பழைய கட்டடம் லைன் வீடுகளிலிருந்து மூன்று பர்லாங் தொலைவு. இடையில் ஒரு மேடும், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும். மின் இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

ஹோட்டலில் ஞாயிறு நண்பகலோடு விருந்தினர் வெளியேறிவிடுவர். மூன்று மணிக்குச் சரண்யாவின் வேலை முடியும். நான்கு மணிக்கு வாசிப்பு தொடங்கும். ஆகஸ்ட் மாதத்தில் முதல்முறையாகத் தங்கள் வாசிப்பைச் செல்போனில் பதிவு செய்தார்கள். மறுநாளே மூவரும் என் வீட்டுக்கு வந்து, அதைக் கேட்கும்படி சொன்னார்கள்.

"சார், இதுல எத்தன பேரு வாசிக்கறாங்க?" என்றான் மாதேஷ்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்த ஓசைக்கு அடியில், டிரம்ஸோடு ஒட்டியும் ஒட்டாமலும், 'தப் தப்' என்று ஈரமான ஓர் ஒலி தொடர்ந்து ஓடுவதை உணர முடிந்தது.

"தகரக்கூரை. எதிரொலிதானுங்க," என்றான் கோபி.

"எதிரொலின்னா நான் தப்புப் பண்ணுனா அதுவும் பண்ணோணுமில்ல?" என்றாள் சரண்யா. "ரெண்டாவது நிமிசத்துல எனக்குக் காலு தடுமாறுது. அது தடுமாறலையே. கேளுங்க சார்."

மறுபடியும் கேட்டேன். அவள் சொன்னபடியே இருந்தது. ஓரிடத்தில் டிரம்ஸ் ஒரு கணம் சிதறிக் கூடியது. அடியில் ஓடிய ஒலி சிதறவில்லை.

பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் காரணம் தேடினேன். தண்ணீர்க் குழாய் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தது. அரை மைல் தொலைவுக்குள் மோட்டார் ஏதும் இல்லை. கூரையின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உலர்ந்த தொட்டி, அடியில் புழுதி. கால்தடம் இல்லை. ஆனால் புழுதி பரவலாக இல்லாமல், நடுவிலிருந்து நான்கு ஓரங்களுக்கும் ஒதுங்கி வரம்புபோலக் குவிந்திருந்தது. மிதிக்கும்போது சக்கை அப்படித்தான் ஓரம் ஒதுங்கும். குனிந்தபோது புளித்த கொட்டையின் வாடை வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பழம்கூட உள்ளே விழாத தொட்டி அது.

இதனால் அவர்கள் அஞ்சி ஓடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். மாதேஷுக்கு அந்த ஒலி பிடித்துவிட்டது. கோபி அதற்கு 'நாலாவது ஆளு' என்று பெயர் வைத்தான், வந்ததும் தொட்டியைப் பார்த்து, "வணக்கமுங்க, டீ சாப்டீங்களா?" என்று கேட்பான். சரண்யா மட்டும் சிரிக்கமாட்டாள். ஆனால் அந்த இடத்தில் வாசிக்கும்போது தன் கால்கள் தரையில் பாவாமல் யாரோ தாங்கிப் பிடித்ததுபோல் ஓடுவதாகச் சொன்னாள். 2018இல் அவளது வேகம் மலையில் மட்டுமன்றிச் சேலத்திலும் பேசப்பட்டது. அங்கே ஒரு கல்லூரி விழாவில் அவர்கள் வாசித்தபோது மட்டும் அவள் திணறினாள். மேடை புதிது, பெடல் வழுக்கியது என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் பெங்களூரில் ஓர் ஒருநாள் இசைவிழா அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் இத்தகைய குழுக்கள் இருபது அதில் வாசிக்கும். பதிவை அனுப்பித் தேர்வாக வேண்டும். டிரம்ஸ் இயந்திரம் பயன்படுத்தலாகாது என்பது விதி. மூவரும் பல்ப்பர் வீட்டில் பதிவு செய்து அனுப்பினார்கள். பத்து நாளில் பதில் வந்தது: இந்தக் கால்களை மனிதர் வாசித்திருக்க முடியாது, ஆறு நிமிடத்தில் ஒரு பிழையும் இல்லை, இயந்திரம் இல்லையெனில் வாசிப்பவரின் கால்களைப் படம்பிடித்து அனுப்புங்கள், கடைசி நாள் ஜனவரி 31.

சரண்யாவுக்கு அது அவமானமாகப் பட்டது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று முத்தாயி என்னிடம் சொன்னார். ஹோட்டலில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் குறைவு. 'ஹவுஸ்கீப்பிங்' என்றே கூப்பிடுவர். தான் செய்தது தான் செய்ததுதான் என்று வெளியூரில் பத்துப் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அப்போது அவள் விரும்பிய ஒன்று. அந்த மேடையில் தன் காலால் வாசிக்கவேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 23, ஞாயிறு. அவள் கால்களுக்கு நேரே செல்போனை நிறுத்திப் படம் பிடித்தார்கள். நான்காம் நிமிடத்தில் அவளுடைய வலக்காலில் தசை பிடித்துக்கொண்டது. படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. கால் பெடலை விட்டு எழும்பி, அந்தரத்தில் விறைத்து நின்றது. ஒலி நிற்கவில்லை. பதினொரு விநாடிகள், நின்றுவிட்ட காலுக்கு அடியில் ஓசை ஒரு தாளமும் பிசகாமல் ஓடியது.

"இத அனுப்புனா நாமளே நம்ம மேல கேஸ் போட்ட மாதிரி," என்றான் கோபி. அன்றைக்கு அவன் தொட்டிக்கு வணக்கம் சொல்லவில்லை.

அடுத்த இரு ஞாயிறுகளிலும் அப்படியே நேர்ந்தது. எங்கேனும் ஓரிடத்தில் அவள் கால் பிசகும்; ஒலி பிசகாது. வேறிடத்தில் வாசித்தால் வேகம் வரவில்லை.

ஜனவரி 6ஆம் தேதி மாலை, ஓய்வூதியப் படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்க முத்தாயியின் வீட்டுக்குப் போனேன். நான்கு மணி பத்து நிமிடம். மேட்டுக்கு அப்பால் நடக்கும் வாசிப்பு அங்கே கேட்காது. பனிமூட்டம் வேறு அடர்ந்திருந்தது. முத்தாயி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ரைட்டரய்யா. பேனா இருக்குதுங்களா? எங்கூட்ல பேனா தங்கவே மாட்டேங்குது."

படிவத்தை நீட்டும்போது அவருடைய கால்களைப் பார்த்தேன். இடது, வலது, இடது, வலது என்று இரு பாதங்களும் சிமெண்டுத் தரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அறுபது வயதுப் பெண்ணின் கால்கள் செல்லக்கூடிய வேகம் அல்ல அது. முறம் ஆடவில்லை, அவரைக்காய் கையில் நிதானமாக உரிபட்டது, குரலில் பதற்றமில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"காலுக்கு என்ன, முத்தாயி?"

அவர் குனிந்து பார்த்தார். பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல. "அதுங்களா? ஞாயித்துக்கெழமன்னா இப்படித்தானுங்க. வாதம்னு நெனைக்கறேன். வலியெல்லாம் இல்லீங்க. ராத்திரிக்கு மட்டும் அசதியா இருக்கும்."

"எப்பலேருந்து?"

"ஒன்னர வருசமாச்சுங்க. எம்புள்ள டிரம்மு அடிக்கப் போறதுல இருந்துதான்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்கு முப்பத்திரண்டுக்கு இரு பாதங்களும் ஒரே நேரத்தில் நின்றன. முத்தாயி ஒரு பாதத்தைத் தூக்கி முழங்கால்மேல் வைத்துத் தேய்த்தார். உள்ளங்கால் வெளுத்து, சுருங்கி, நாள் முழுதும் நீரில் ஊறியதுபோல இருந்தது. அறையில் தண்ணீர் இல்லை. புளித்த வாடை மட்டும் இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறுமுன் சரண்யாவைப் பிடித்து, முந்தின நாள் எத்தனை மணிக்கு வாசிப்பை முடித்தார்கள் என்று கேட்டேன்.

"நாலு முப்பத்திரண்டுங்க. போன்லயே இருக்குதே. ஏனுங்க?"

கண்டதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "எங்கம்மாளுக்கு வயசாச்சுங்க சார். அதப் போயி இதோட முடிச்சுப் போடறீங்களே," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஆனால் அன்று மாலை அவளே விசாரிக்கப் போனாள். லைனில் பழனியம்மாள், ஏற்காட்டுச் சந்தையில் காய் விற்கும் தெரசம்மாள், இருவரையும் கேட்டாள். இருவருக்கும் ஞாயிறு நான்கு மணிக்குக் கால் ஓடியது. தெரசம்மாள் பூசைக்குக் காலையிலேயே போய்வந்துவிடுகிறாராம். கோயிலில் கால் ஆடினால் சனங்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம்.

இரவு ஏழு மணிக்குள் சரண்யா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"சார், கடைசியா அந்தத் தொட்டியில மிதிச்சது யாருங்க? பேரு போட்டது நீங்கதானே?"

எனக்கு நினைவிருந்தது. 2013 ஜனவரியின் கடைசித் தொட்டி. முத்தாயி, பழனியம்மாள், தெரசம்மாள், கிருஷ்ணம்மாள். வரிசையின் தலையில் சரண்யா.

தலையில் நிற்பவளை முன்கால் என்பார்கள். வயதைப் பார்த்து அந்த இடம் தரப்படுவதில்லை. கால் சீராக ஓடுபவளுக்கே தரப்படும். மிதி ஓடும்போது அவள் அவ்வப்போது ஒரு கை கொட்டையை அள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பாள். வழவழப்பு நீங்கி ஆற்றுமணல்போல் கரகரத்தால், "கழுவியாச்சு, ஏறுங்க" என்று குரல் கொடுப்பாள். அதற்கு முன் யாரும் காலை நிறுத்தலாகாது. குரல் கொடுத்தபின் மற்றவர்கள் முதலில் ஏறுவார்கள், முன்கால் கடைசி. அவளை ஏறச் சொல்வது மேஸ்திரியோ ரைட்டரோதான். விழாமல் இருப்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. யாரும் அதை மீறியதாக நான் அறியேன்.

"நாந்தானுங்க மீறுனேன்," என்றாள் சரண்யா. "ஹோட்டல்காரங்க ஜீப்பு ரோட்டுல வந்து ஆரன் அடிச்சுது. இன்டர்வியூக்கு இப்பவே வா, இல்லீனா வேற ஆளப் பாத்துக்கறோம்னாங்க. மிதி பாதியில ஓடுது. நான் எகிறிக் குதிச்சு அப்படியே ஓடிட்டேன். காலக்கூடக் கழுவல."

அன்று மேஸ்திரி காய்ச்சலில் படுத்திருந்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். மறுநாள் முத்தாயியிடம் கேட்டதற்கு, "ரொம்ப நேரம் மிதிச்சோமுங்க. யாருஞ் சொல்லல. இருட்டறதுக்குள்ள நாங்களா ஏறிட்டோம்," என்றார். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் யாரும் இறங்கவில்லை.

ஜனவரி 20ஆம் தேதி ஞாயிறு. வாசிப்புக்கு மூவரும் வந்தார்கள். நான் கதவருகே நின்றேன். சரண்யா தான் செய்யப்போவதை மாதேஷிடம் சொன்னாள். அவன் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினான்.

"இன்னும் பதினொரு நாள்தாங்க இருக்குது. அந்தக் காலு இல்லீனா நம்மகிட்ட என்ன இருக்குது? ஒரு தடவ தப்பில்லாம வாசிச்சுப் படம் புடிச்சுட்டா போதும். அப்புறம் ஏறச் சொல்லுங்க, எறங்கச் சொல்லுங்க, உங்க இஷ்டம்."

"இன்னைக்கு வாசிச்சா இன்னைக்கும் மிதிக்கும் எங்கம்மா."

"ஒன்னர வருசம் மிதிச்சாங்க. ஒரு வாரத்துல என்ன ஆயிரப் போவுது?"

"உங்கம்மாவக் கூட்டியாந்து எறக்கு, ஒரு வாரம் மிதிக்கட்டும்," என்றாள் சரண்யா. அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை என்று கோபி பின்னர் சொன்னான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். மூங்கில் உளுத்துப் போயிருந்தது. அதைத் தொடாமல் தலைமாட்டில் நின்றாள். வெளியே பனி கதவு மட்டும் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. யாரும் வாசிக்கவில்லை. இருந்தும், சற்று நேரத்தில், அந்தத் 'தப் தப்' ஒலி எழுந்தது. முதன்முறையாக அதைச் செல்போன் வழியாக அன்றி என் காதால் கேட்டேன். சரண்யாவின் இருபுறமும் புழுதி மெல்ல மெல்ல ஓரம் ஒதுங்கியது. கோபி என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்திருப்பது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவள் குனிந்து ஒரு கை புழுதியை அள்ளினாள். விரல்களால் தேய்த்தாள். என்ன உணர்ந்தாளோ, முகம் சுருங்கியது. மறுபடி தேய்த்தாள். பிறகு, "கழுவியாச்சு, ஏறுங்க," என்றாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "அம்மா, ஏறு. பழனியம்மாத்தை, ஏறுங்க. தெரசக்கா, ஏறுங்க. கிருஷ்ணம்மாத்தை, ஏறுங்க."

தொட்டியின் படிகள் மூன்று. ஈரக்கால் ஒன்று அவற்றில் ஏறியது. பிறகு ஒன்று. பிறகு மூன்றாவது. படிகள் நனையவில்லை, ஓசை மட்டுமே. நான்காவதற்குக் காத்திருந்தோம். அது வரவில்லை. தொட்டிக்குள் ஓரிணைக் கால் தனியாக மிதித்துக்கொண்டே இருந்தது.

"கிருஷ்ணம்மாத்தைக்கு இப்பக் காது கேக்காதுங்க சார்," என்றாள் சரண்யா. "குப்பனூர்ல மகனூட்ல இருக்குது."

அன்று வாசிப்பு நடக்கவில்லை. 26ஆம் தேதி அரசு விடுமுறை. கோபியின் ஜீப்பில் சரண்யாவும் நானும் குப்பனூர்ப் பாதையாக இறங்கினோம். மாதேஷ் வரவில்லை. கிருஷ்ணம்மாள் மகன் வீட்டின் பின்புறம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது கடந்தவர். அவருடைய கால்கள் மட்டும் சென்ற ஞாயிறன்று ஓடத் தொடங்கி இன்னும் நிற்கவே இல்லை என்றும், தூங்கும்போதும் ஓடுகின்றன என்றும், சேலத்தில் டாக்டரிடம் காட்டியும் பயனில்லை என்றும் மருமகள் சொன்னாள். பாதங்களின் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தது.

சரண்யா மண்ணில் மண்டியிட்டு, அந்த இரு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காதருகே வாயை வைத்துக் கத்தினாள்: "கழுவியாச்சுத்தே! ஏறுங்க!"

கால்கள் நின்றன. கிருஷ்ணம்மாள் அவளை நெடுநேரம் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் சிரித்தார்.

"முத்தாயி மகளா? ஏங்கண்ணு இத்தன நேரம்?" என்றார். பிறகு, சாதாரணமாக, "நீ எப்பச் சாமி ஏறுவ?" என்று கேட்டார்.

சரண்யா அந்தப் பாதங்களை மடியிலிருந்து இறக்கி, அவிழ்ந்த துணியைத் திரும்பச் சுற்றினாள்.

27ஆம் தேதி ஞாயிறு பல்ப்பர் வீட்டில் மூவரும் வாசித்தார்கள், மாதேஷும் வந்தான். அடியில் வேறு ஒலி இல்லை. வேகம் குறைந்திருந்தது. பதிவில் ஏழு இடங்களில் கால் பிசகியது. படத்தில் அதே ஏழு இடங்களில் பிசகியது. அதையே அனுப்பினார்கள். அந்த நேரத்தில் நான் முத்தாயியின் வீட்டில் இருந்தேன். அவர் கால்கள் தரையில் அசையாமல் இருந்தன. காப்பி போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரியில் பதில் வந்தது. வாசிப்பது மனிதர் என்பதை ஏற்கிறோம், முன்னர்ச் சந்தேகித்ததற்கு வருந்துகிறோம், ஆனால் தேர்வாகும் அளவுக்கு வேகம் போதவில்லை. சரண்யா அந்தக் கடிதத்தின் முதல் வரியை மட்டும் செல்போனில் எடுத்து என்னிடம் காட்டினாள். இரண்டாவது வரியை மாதேஷ் சொல்லித் தெரிந்துகொண்டேன். மார்ச்சில் அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அத்துடன் குழு முடிந்தது. டிரம்ஸைக் கோபி வீட்டுப் பரணில் ஏற்றினார்கள். அவள் பிறகு வாசிக்கவில்லை.

இத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு ஜூலையில், ஒரு ஞாயிறு மாலை, கூரைத் தகரத்தைப் பார்வையிடப் பல்ப்பர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்குமுன்பே கேட்டது. ஓரிணைக் கால். சீராக ஓடி, ஓரிடத்தில் தடுமாறி, மீண்டும் கூடி ஓடியது. திறக்காமல் திரும்பினேன்.

மறுநாள் நாகலூர் பஸ் நிறுத்தத்தில் சரண்யாவைக் கண்டேன். மேற்பார்வையாளரின் சீருடை, கறுப்புக் காலணி.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தே?"

"ஹோட்டல்லதானுங்க. ஞாயித்துக்கெழம இப்ப எனக்கு நைட்டு வரைக்கும் டியூட்டி." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலணியைப் பார்த்தாள். "கேட்டீங்களாக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"நாலு மணியாச்சுன்னா சாக்ஸ் நனஞ்சிருதுங்க. மாத்துறதுக்கு ஒரு சோடி கைப்பையிலயே வெச்சிருக்கேன். கவுண்டருக்குப் பின்னாடி நின்னுக்குவேன், யாருக்கும் தெரியாது. ஒருக்கா ஒரு கஸ்டமரு, 'மேடம், டான்ஸ் கத்துக்கறீங்களா?'ன்னு கேட்டாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி இறந்து நான்காண்டுகள் ஆகின்றன. முன்காலை ஏறச் சொல்லும் தகுதி உள்ளவர்களில் எஞ்சியவன் நான் ஒருவன். எனக்கு அறுபத்தொன்பது வயது. இதை அவளிடம் சொன்னேன். வரும் ஞாயிறே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றும், கிருஷ்ணம்மாளின் பாதங்களை அவள் மறந்திருக்கமாட்டாள் என்றும் சொன்னேன்.

"வேண்டாமுங்க சார்."

"எனக்கப்புறம் சொல்ல ஆள் இல்லை, சரண்யா."

"தெரியுமுங்க." பஸ் வளைவில் திரும்பும் ஓசை கேட்டது. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றினாள். "அவங்க நாலு பேரும் கூலிக்கு மிதிச்சாங்க. அவங்கள நிறுத்தி வெச்சது தப்பு. இது நானா அடிக்கறதுங்க. பெங்களூர்லயும் வேண்டாம்னுட்டாங்க, மாதேசும் வேண்டாம்னுட்டுப் போயிட்டான். அங்க ஒரு எடத்துலதான் இன்னும் வாசிச்சுட்டு இருக்கேன். நீங்க போயி ஏறுன்னு சொன்னீங்கன்னா நான் ஏறித்தானே ஆவோணும்?"

பஸ் வந்து நின்றது.

"அந்தப் பக்கம் போனீங்கன்னா வாயத் தொறக்காதீங்க சார். உங்க வாயில தற்செயலா வந்துரப் போவுது," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

கூரைத் தகரம் மூன்று இடங்களில் பெயர்ந்திருக்கிறது. மழைக்கு முன் அடித்தாக வேண்டும். தச்சரிடம் வெளியே நின்று அளவு எடுக்கும்படியும், ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். நான் உடன் போகவில்லை.